கிள்ளிய விரல்கள்

போன மாதம் பத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஒட்டிக்கொண்டது. இன்று சுகாதார அதிகாரியம்மா கையெழுத்துப் போடாவிட்டால் ஜெசிந்தாவின் டே கேருக்கு நாளை பூட்டுதான். அவரோ சோப்பை முகர்ந்தார், துண்டுகளை எண்ணினார், பொம்மைகளை வெந்நீரில் போட்டு எடுத்ததையும் விசாரித்தார். எல்லாம் சரி. பேனாவைத் திறந்தபோதுதான் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள்.

"அடி என் பட்டுக்குட்டி!"

முதல் கன்னத்தைக் கிள்ளி, கிள்ளிய விரல்களைத் தன் உதட்டில் ஒற்றி முத்தமிட்டார். அதே விரல்கள் அடுத்த கன்னத்துக்குப் போயின. நான்காவதாக இருந்த தருணுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவனையும் விடவில்லை. ஜெசிந்தா வாயைத் திறந்து, கையெழுத்தை நினைத்து மூடிக்கொண்டாள்.

ஐந்தாவதாக இருந்த ஆதிரை இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"மொதல்ல கை கழுவுங்க ஆன்ட்டி. இல்லாட்டி ஜெசி மிஸ் திட்டுவாங்க."

அதிகாரியம்மா தன் விரல்களைப் பார்த்தார். நேராகப் போய், பிள்ளைகளின் முழங்கால் உயரக் குழாயடியில் குனிந்தார். பிள்ளைகள் வழக்கம்போல் இருபது வரை எண்ணத் தொடங்கினார்கள். பன்னிரண்டில் அவர் குழாயை மூடப்போனார்.

"இன்னும் எட்டு இருக்கு மேடம்" என்றாள் ஜெசிந்தா.