கடல் தெரியும் ஜன்னல்

"தம்பியை அடைச்சு வைக்கத்தானே சுல்தான் அந்த அறையைக் கட்டச் சொன்னார்? கை நுழையற ஜன்னல் போதும்னாராமே! நீங்க என்னடான்னா கடலே தெரியற மாதிரி வச்சிருக்கீங்க. தலை தப்புமா?" காபிக் கோப்பையை ணங்கென்று வைத்தாள் அருஸ்யாக்.

அவள் கணவர் ஹாகோப், மூன்று தலைமுறையாக இஸ்தான்புல் அரண்மனைக்குக் கட்டடம் கட்டித் தரும் ஆர்மீனியக் குடும்பத்துக்காரர்.

"சின்னதா வச்சா சுவர் தாங்காதுன்னு சொன்னேன். நம்பிட்டார்."

"இளவரசர் மேல அவ்வளவு பாசமாக்கும்!"

மறு வருடம் ஒரு காலையில் பீரங்கிகள் முழங்கின. படைத்தலைவர்கள் சுல்தானை இறக்கிவிட்டுத் தம்பியை அரியணையில் ஏற்றிவிட்டார்கள்.

அருஸ்யாக் துள்ளினாள். "ஜன்னல் வச்சவரைப் புது சுல்தான் மறப்பாரா? இனி நமக்கு யோகம்தான்!"

"அவருக்காக வைக்கலை, அருஸ். எங்க தாத்தா இப்படி ஒரு அறை கட்டினார், அப்பா ஒண்ணு கட்டினார். ரெண்டுலயும் கடைசியில அடைபட்டது, கட்டச் சொன்ன சுல்தான்தான். இன்னைக்கு இறக்கின சுல்தானையும் நான் கட்டின அறைக்குத்தான் கொண்டுபோறாங்க."

அதற்குள் அரண்மனைச் சேவகன் வாசலில் வந்து நின்றான்.

"புது சுல்தான் உத்தரவு. அண்ணனை வைக்கப்போற அறையில ஜன்னல் ரொம்பப் பெரிசாம். உடனே சின்னதாக்கணுமாம்."

ஹாகோப் வாயைத் திறக்குமுன் அருஸ்யாக் முந்திக்கொண்டாள்.

"சுவர் தாங்காதுன்னு போய்ச் சொல்லுப்பா."