மார்பில் எரியும் சிவப்புப் புள்ளி

நாற்சந்தியில் வெயில் தார்ச்சாலையைப் பளபளக்க வைக்கிறது. போக்குவரத்துக் காவலரின் மார்பில் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா. வண்டியை நிறுத்தும்போது அதை அழுத்த வேண்டும் என்பது உத்தரவு. அழுத்தினால் சிவப்புப் புள்ளி எரியும், படமும் குரலும் உள்ளே போகும்; போனதை அவரால் அழிக்க முடியாது, மாலையில் இன்ஸ்பெக்டர் போட்டுப் பார்ப்பார். எதிர்வெயிலில் வெறும் தலையை மட்டும் பார்த்து, அழுத்திவிட்டுக் கை காட்டிய பிறகுதான் தெரிகிறது, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டு வந்து நிற்கும் ஸ்கூட்டர்க்காரி அவருடைய மனைவி. "வணக்கம்மா. உங்க பேரு?" என்கிறார் விறைப்பாக. "ஏங்க, வெயில் தலைக்கேறிடுச்சா?" அவர் கண்ணால் மார்பைக் காட்டுகிறார். "ஓ, இதுதானா அது? பேசினா கேக்குமா?" "கேக்கும். இன்ஸ்பெக்டர் பார்ப்பாரு." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவரை விட்டுவிட்டு அவருடைய மார்பிலிருக்கும் கேமராவைப் பார்த்துக் குனிகிறாள். "ஐயா, நல்லா இருக்கீங்களா? அபராதம் கட்டிடறேன். ஆனா என் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட இவருக்கு லீவு தரமாட்டேன்னுட்டீங்களாமே, உங்களுக்கே நியாயமா இருக்கா?" பச்சை விழுந்து பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. காவலரின் கை கேமராவின் பொத்தான்வரை போய்த் திரும்புகிறது. பதிவை நடுவில் நிறுத்தினால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். கழுத்து வழியே வியர்வை இறங்குகிறது. தாடை மார்பில் இடிக்கக் குனிந்து சொல்கிறார்: "ஐயா, நான் உங்ககிட்ட லீவே கேக்கல. ஏன்னு வீட்ல போய்ச் சொல்லிக்கிறேன்." "வீட்ல எதுக்கு?" என்கிறாள் மனைவி, ஹெல்மெட்டை எடுத்து நிதானமாகத் தலையில் மாட்டியபடி. "இங்கயே சொல்லுங்க. ஐயாவும் கேக்கட்டும்."