சுண்டு விரலுக்கு இடம்

பெருமாள்சாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரகடத்தில், எங்கள் கம்பெனி வாசலில். 2003ஆம் வருஷம், காலை ஷிப்டு. சாப்பாட்டுப் பையில் இருந்ததை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றான். அதில் ஒரு கத்தி இருப்பதைக் கண்டுபிடிக்கவே செக்யூரிட்டிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கை அவ்வளவு பெரிது.

"இன்னாய்யா இது?"

"கத்தி சார்."

"யாரைக் குத்தறதுக்கு?"

"ரப்பரை சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற அதிகாரம் உள்ளவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

அவன் சொன்னது உண்மை. அச்சிலிருந்து வரும் ரப்பர் வளையங்களின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவுவதுதான் அவன் வேலை. மெல்லிய விரல் உள்ள பெண்களை மனதில் வைத்துக் கம்பெனி வாங்கிய கத்தி. பிடி பென்சில் பருமன்தான். பெருமாள்சாமி சங்கரன்கோவில் பக்கத்து ஆள். கம்பெனி கொடுத்த கையுறையில் அவனுக்கு மூன்று விரல்தான் நுழையும். கத்தி அவன் பிடியில் சுழன்று, பிசிறை விட்டுவிட்டு வளையத்தை வெட்டும்.

"இந்த மாசம் ரிஜெக்ட் அம்பதைத் தாண்டுச்சுன்னா வூட்டுக்குப் போயிடு. தாண்டலேன்னா பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு" என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர் ராஜசேகர்.

நான் ஸ்டோர் கீப்பர். என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, பிடி தடியா ஒரு கத்தி இருக்கா?"

"இண்டென்ட் எழுதி சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கிக்கினு வா."

"அவரு உங்கள்ட்ட இருந்தா கையெழுத்து போடுதேங்காரு."

"கையெழுத்து இருந்தா நான் வாங்கி வைப்பேன்."

இரண்டு பேருமே ரூல்படிதான் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் கங்காவின் ஹார்டுவேர் கடைக்குப் போனான். நானும் கூடப் போனேன். கருவிகளைப் பற்றித் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. டீ அவன் வாங்கிக் கொடுத்தான்.

"கத்தி சின்னதா, பிடி பெருசா வேணும்க்கா."

கங்கா அவன் கையை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "இந்தக் கைக்குக் கத்தி இல்லப்பா. கடப்பாரைதான் கீது."

பதினோரு கத்தி பார்த்தான். மடக்குக் கத்தியைத் தொடவே இல்லை. "அமுக்கும்போது மடங்குச்சுன்னா வெரலு போயிரும் அண்ணாச்சி." காய் நறுக்கும் கத்தியில் அலகு நீளம், நுனி எங்கோ தூரத்தில் ஆடியது. பழக் கத்தியில் அலகு சரி; பிடியில் மூன்று விரல்தான் உட்கார்ந்தது. சுண்டு விரல் வெளியே தொங்கியது.

"ஒரு சுண்டு விரல்தானே, தொங்கினா தொங்கட்டும்" என்றேன், தெரிந்தவன் என்ற முறையில்.

"அதுலதான் அண்ணாச்சி பிடிமானமே. அது அந்தரத்துல நின்னா கத்தி திரும்பிரும்."

கங்காவுக்குப் பொறுமை போய்விட்டது. அரத்துக்கு மாட்டும் மரப்பிடி ஒன்றை எடுத்து முன்னால் போட்டாள். "பழக் கத்தி அலகைக் கழட்டி இதுல சொருகிக்கோ. கடையைச் சாத்தணும்."

பிடித்துப் பார்த்தான். நான்கு விரலும் உட்கார்ந்தன. கடிக்காத புதுச் செருப்பைப் போட்டு நடந்தவன் முகம் மாதிரி ஆகிவிட்டது அவன் முகம்.

வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் குழாய் மாட்ட வேண்டும் என்றான். மறுநாள் ஸ்டோரில் கழித்துப் போட்டதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். என் தாராளம் அவ்வளவுதான்.

தினமும் அந்தக் கத்தியை அறைக்குக் கொண்டுபோய்த் தீட்டி எடுத்துவருவான். ஒன்பது நாளில் ஏழே ரிஜெக்ட். பத்தாவது நாள்தான் வாசலில் அகப்பட்டான்.

ராஜசேகர் வந்து பார்த்தார். கம்பெனிக் கத்தியின் அலகு இரண்டு அங்குலம். இதுவும் இரண்டு அங்குலம். ஆனால் அது கருவி, இது ஆயுதம் என்று எல்லோருக்கும் விளக்கினார். பிறகு பிடியைத் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம ரப்பராச்சே. யார் குடுத்தது?"

நான் மூன்றடி தூரத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று என் கையெழுத்து மிகவும் அழகாக விழுந்தது.

"குப்பையில கெடந்துச்சு சார். நானாத்தான் எடுத்தேன்."

"ஓ, திருட்டு வேறயா?"

ஆயுதம் ஒன்று, திருட்டு ஒன்று. கத்தியைக் கையில் பிடிக்கவைத்து விசாரணை ஃபைலுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே அனுப்பிவிட்டார்கள். என் பக்கம் திரும்பாமலே நடந்து போனான். பிடிபட்ட கத்தியை முறைப்படி ஸ்டோரில் ஒப்படைத்தார்கள். நானும் முறைப்படி ரசீது எழுதிக் கொடுத்தேன்.

ஊருக்குப் போய் லாரியில் வேலைக்கு ஏறினான், இரண்டு வருஷத்தில் அது கவிழ்ந்து செத்துப்போனான் என்று அவனுடைய அறையில் இருந்த மணிகண்டபிரபு பிறகு சொன்னான்.

கம்பெனி மட்டும் அந்த வருஷமே திருந்திவிட்டது. லைனில் எல்லோருக்கும் தடித்த பிடிக் கத்தி. ரிஜெக்ட் பாதியாகக் குறைந்தது. பெண்களுக்கும் விரல் வலி விட்டது. ஆயுத பூஜையன்று, சிறந்த யோசனைக்கான பரிசு அந்தக் கத்திக்கு. "தொழிலாளியின் கையைப் புரிந்துகொண்ட யோசனை" என்று மேனேஜர் பாராட்டினார். ராஜசேகர் மைக்கில் பெயரை வாசித்தார்.

நான் எழுந்து போய்க் குக்கரையும் சான்றிதழையும் வாங்கிக்கொண்டேன்.

என் மனைவி இறந்த பிறகு குக்கரைத் தம்பி மகளுக்குக் கொடுத்துவிட்டேன். சான்றிதழ் சுவரில் இருக்கிறது. கத்தியைப் புதிதாகப் படம் எடுப்பானேன் என்று விசாரணை ஃபைலில் இருந்த படத்தையே அதில் அச்சடித்துவிட்டார்கள். என் பெயருக்கு மேலே, கத்தியைப் பிடித்திருப்பது பெருமாள்சாமியின் கை.