வெளிறிப்போன மஞ்சள் கரு

தியாகராசா அண்ணை சொன்ன இந்தக் கதையில் எனக்கு ஆறு வருஷமாகச் சந்தேகம். எந்த இடத்தில் என்பதுதான் போன ஞாயிறு வரை பிடிபடவில்லை.

அண்ணை எங்கள் அம்மன் கோயில் சபைத் தலைவர். சுத்த சைவம். முட்டை பொரிக்கிற வீட்டில் தண்ணீரும் குடிக்கமாட்டார். நான் செயலாளர், முட்டை சாப்பிடுகிறவன்.

பாலேஸ்வரி கோயில் வீதி கூட்டியவள். வீட்டில் முப்பது கோழி. அவளுடைய முட்டையில் மஞ்சள் கரு செக்கச்செவேல் என்றிருக்கும். அதற்காகவே மானிப்பாயில் இரண்டு கடைகள் அவளிடம் வாங்கின.

அம்மனுக்குச் சாத்திக் கழித்த செவ்வந்தி மாலைகளைக் காயவைத்து, நொறுக்கி, கோழித்தீனில் கலக்கிறாள் என்று அண்ணை ஒரு கதை கொண்டுவந்தார். சபை அவளைக் கூப்பிட்டது.

"அம்மன்ரை மாலை உன்ரை கோழிக்கோ?" என்றார் அண்ணை.

"நான் எடுக்கேல்லை ஐயா. என்ரை கோழிக்குச் சோளமும் முருங்கையிலையும். குப்பைக் கிடங்கிலை கிடக்கிற மாலையை ஆடுதான் தின்னுது. ஆட்டையும் கூப்பிட்டு விசாரியுங்கோவன்."

இரண்டொருவர் சிரித்தார்கள்.

"ஆடு முட்டை விக்கிறேல்லை," என்றார் அண்ணை.

அவளை வேலையால் நிறுத்தினோம். நானும் கை உயர்த்தினேன். அடுத்த நாளே கடைகள் முட்டை எடுப்பதை விட்டன. ஊரிலும் ஒருவரும் வாங்கவில்லை. ஒரு மாதத்தில் அவள் கோழிகளை விற்றுவிட்டாள்.

போன ஞாயிறு சபைக் கூட்டத்துக்குப் பாலேஸ்வரி திரும்ப வேலை கேட்டு வந்தாள். தோட்டங்களில் கூலிக்குக் குனிந்து குனிந்து முதுகு வளைந்திருந்தது.

அன்று காலை என் மனைவி தாச்சிச் சட்டியில் முட்டை உடைத்து ஊற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓட்டை உடைத்த பிறகுதான் கருவின் நிறம் தெரிந்தது.

"ஆறு வருஷமாச்சு. வேலையைக் குடுப்பமே அண்ணை?" என்றேன்.

"கள்ளிக்கோ? தம்பி, மாலை கிடைக்காமல் பண்ணினம். பத்தாம் நாள் மஞ்சள் கரு வெளிறிப் போச்சுது. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அப்பிடி ஆரும் சொன்னவையோ?"

"சொல்லுறதென்ன? என்ரை கண்ணாலை கண்டனான்."

பாலேஸ்வரி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். ஆறு வருஷம் சொல்லாததை இன்றைக்கும் அவள் சொல்லப் போவதில்லை என்று விளங்கியது.

நான் கூட்டக் குறிப்பு எழுதும் கொப்பியை மூடினேன்.

"அண்ணை, ஊரிலை ஒருத்தரும் வாங்காத முட்டை. அதை உங்களுக்கு ஆர் உடைச்சுக் காட்டினது?"