புளிச்சியின் வீடு

ஒரு பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் புளிச்சி என்றொரு நல்ல பாக்டீரியா தன் சனங்களோடு குடியிருந்தாள். வீட்டை எந்நேரமும் புளிக்கப் புளிக்க வைத்திருப்பது அவர்கள் வழக்கம். அந்தப் புளிப்பு பட்டாலே அரிப்புக் கிருமிகள் வாசலோடு திரும்பிவிடும்.

ஒரு நாள், அந்தப் பெண் புதிதாக வாங்கிய பாட்டில் சோப்புத் திரவத்திலிருந்து ரோஜா வாசனையோடு நுரை பொங்கி வந்தது.

"சீ, என்ன புளிச்ச நாத்தம்! வீட்டுக்காரியைச் சுத்தமாக்கத்தான் வந்திருக்கேன்" என்று சனத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. ஒரு மடிப்பில் ஒட்டிக்கொண்டதால் புளிச்சி மட்டும் தப்பினாள். புளிப்பு போனதும் அரிப்புக் கிருமி குடும்பத்தோடு வந்து பாய் விரித்தது. வீட்டுக்காரியோ அரிப்பை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, அதே திரவத்தை இன்னும் இரண்டு மூடி ஊற்றிக் கழுவினாள்.

"நல்லா ஊத்து தாயி, எங்களுக்கு இடம் விசாலமாகுது!" என்று கிருமி விழுந்து விழுந்து சிரித்தது. புளிச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் டாக்டரம்மா கொடுத்த மருந்தில் கிருமி மூட்டையைக் கட்டியது. பின்னாலேயே ஒரு கேப்ஸ்யூல் வந்து பிளக்க, உள்ளேயிருந்து புளிச்சியின் சொந்தங்கள் கும்பல் கும்பலாகக் குதித்தார்கள்.

"அக்கா, உலை வைக்கலாமா?"

"உலை கிடக்கட்டும், முதல்ல வீட்டைப் புளிக்க வைங்கடி!"

ஒரே ஆட்டம், பாட்டம், குலவை. அந்தக் கூத்துக்கு நடுவே மறுபடியும் ரோஜா வாசனை! எல்லோரும் அலறிக்கொண்டு புளிச்சியைக் கட்டிப் பிடித்தார்கள்.

நுரை வரவில்லை. வெளியே 'பரக் பரக்' என்று சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்காரி அந்தப் பாட்டிலைக் கவிழ்த்துக் கக்கூஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.