சிந்தாத டம்ளர்

வேக ரயிலுக்காகப் பழையதைப் பெயர்த்துவிட்டுப் போட்ட புதுப் பாதையில் அன்று சோதனை ஓட்டம். ரயில் பெட்டிக்குள் மேலதிகாரி குலசேகரன் கழுத்து மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே, மேசையில், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளர். நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்திலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. டம்ளருக்குச் சந்தனம், குங்குமம் வைக்காத குறைதான்.

"வண்டிய நிறுத்துங்கய்யா, கேக் வெட்டிடலாம்" என்றார் குலசேகரன்.

பொட்டல்வெளியில் வண்டி நின்றது. அவர் கத்தியை எடுத்தபோது தண்ணீரில் மெல்லிய வளையம் ஒன்று விரிந்தது. பிறகு இன்னொன்று.

"சார், வண்டி நிக்குது. தண்ணி ஆடுதே" என்றார் இன்ஜினியர் அமலதாஸ்.

"நான் போட்ட பாதைய்யா. ஆடாது."

"நாம இங்க நிக்கிறது பின்னாடி ஸ்டேஷனுக்குத் தெரியுமா சார்? ஏதாவது வண்டிய விட்டிருந்தா..."

"கேமரா ஓடுது. அபசகுனமா பேசாம அந்தத் தண்ணியக் குடிச்சுத் தொலையும்."

அமலதாஸ் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். குலசேகரன் கேக்கை வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் மேசைமேல் காலி டம்ளர் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது.