முதல் படுக்கை ஐயா

"ஐயாவோட ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலையணை வைங்க. இழுக்காதீங்கம்மா, தூக்குங்க! தோல் உரசக் கூடாது."

பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து தலைமை நர்ஸின் குரல் தேனாக ஒழுகியது. முதல் படுக்கையைச் சுற்றி நான்கு ஜோடி வெள்ளைச் செருப்புகள் திரைக்குக் கீழே தெரிந்தன. எதிர் வரிசையில் ஐந்தாம் படுக்கையோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரி அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

ஐந்தாம் படுக்கையில் அவளுடைய அப்பா. முப்பது வருஷம் பஸ்ஸில் விசிலடித்த கண்டக்டர். பக்கவாதத்தில் இடது பக்கம் முழுக்க ஓய்ந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை.

"அம்மாடி, அந்த ஆளு என்ன புண்ணியம் பண்ணாரோ! ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுறாங்க. நான்தான் டிப்போவுல போட்ட வண்டி மாதிரி ஒரே பக்கமா கெடக்கேன்."

"சும்மா இருங்கப்பா. பெரிய இடத்து ஆளா இருக்கும்."

"இருக்கட்டும். மூணு நாளாச்சு, ஒரு இருமல் உண்டா, ஒரு முனகல் உண்டா? பெரிய மனுஷன்னா அப்படித்தான் அடக்கமா இருக்கணும்."

அப்பாவால் அவ்வளவு அடக்கமாக இருக்க முடியவில்லை. அன்று காலை அவருக்கு உடம்பு துடைக்கும்போது, முதுகெலும்பு முடிகிற இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பை மகள் பார்த்தாள். "விரலால அழுத்தினா வெளுக்கணும். வெளுக்கலைன்னா புண்ணு ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்" என்று திரைக்குப் பின்னால் தலைமை நர்ஸ் சொல்லிக்கொடுத்தது அவள் காதிலும் விழுந்திருந்தது.

அழுத்தினாள். வெளுக்கவில்லை.

அந்த வார்டில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை. வாசலில் 'படுக்கைப்புண் தடுப்பு வாரம்' என்று ஆளுயரத்துக்கு ஒரு பேனர். பக்கத்திலேயே நர்ஸுகளுக்கு வைத்த பரீட்சையின் மதிப்பெண் பட்டியல்; தொண்ணூறுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. அப்பாவின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில்கூட இடம், வலம், மல்லாக்க என்று இரண்டு மணிக்கொரு கட்டம் ஒழுங்காக நிரம்பியிருந்தது. பேனாவாலேயே அவரைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

தானே திருப்பிப் பார்த்தாள். தையல் மெஷின் மிதித்த காலுக்கும் கத்தரி பிடித்த கைக்கும் எண்பது கிலோ கண்டக்டர் அசைந்து கொடுக்கவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு தலைமை நர்ஸ் வெளியே வந்ததும் ஓடிப் போய் நின்றாள்.

"சிஸ்டர், எங்கப்பாவுக்கு முதுகுல செவந்திருக்கு. அழுத்தினா வெளுக்க மாட்டேங்குது."

"அடடே, நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கியே!" தலைமை நர்ஸ் மனமாரப் பாராட்டினாள்.

"ஒரு தடவை வந்து திருப்பி விடுங்க சிஸ்டர். இல்லைன்னா அந்த ஏர் பெட்டையாவது..."

"வார்டுக்கே ஒண்ணுதாம்மா இருக்கு. அது ஐயாவுக்கு. முப்பத்தெட்டு பேஷண்டு, எங்க போறது கைக்கு?"

"அங்க நாலு பேரு நிக்கிறாங்களே."

"அது வேற விஷயம். நாளைக்கு மேலேயிருந்து வார்டைச் சோதனை பண்ணக் குழு வருது. ஐயா படுத்திருக்கிற விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தாலும் என்னைத்தான் கேப்பாங்க. உங்கப்பா சுருக்கத்தை யாரு கேக்கப் போறாங்க?"

தையல்காரி திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

"பூசாரிகிட்ட எதுக்கும்மா கெஞ்சுறே? சாமிகிட்டயே நேரா கேட்டுடு. எல்லாரும் டீ குடிக்கப் போற நேரம் பாத்துப் போ. பெரிய மனுஷன், ஒரு ராத்திரிக்கு மெத்தையைக் குடுக்காமலா போவாரு?"

நான்கு மணிக்கு வெள்ளைச் செருப்புகள் வரிசையாக டீ குடிக்கப் போயின. தையல்காரி திரைக்குள் நுழைந்தாள்.

காற்று மெத்தை 'உஸ், உஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஐயா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, காதுவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிக்கு ஒரு தலையணை, குதிகால் அழுந்தாமல் இருக்க இன்னொன்று. இருபது வருஷமாகத் துணியைப் பார்த்த கண்ணுக்கே விரிப்பில் ஒரு சுருக்கம் அகப்படவில்லை.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்கப்பா அஞ்சாம் படுக்கையில இருக்காரு..."

பதில் இல்லை. பெரிய மனுஷர்கள் ஒரு தடவை கூப்பிட்டதும் திரும்பிவிடுவார்களா என்ன?

"ஐயா, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

தொட்டாள். சில்லென்றிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு போர்வையின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏம்மா! யாரைக் கேட்டு உள்ள வந்தே?" திரை சரக்கென்று விலகியது. தலைமை நர்ஸின் குரலில் தேன் வற்றிப் போயிருந்தது. "மூணு நாளா நாங்க உயிரை விட்டுக்கிட்டிருக்கோம், நீ வந்து போர்வையைக் கலைக்கிறியா?"

தையல்காரி பதற்றப்படவில்லை. போர்வையைப் பழையபடி இழுத்து, ஓரத்தை மடித்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

ஐந்தாம் படுக்கையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னம்மா, ஐயா ஒத்துக்கிட்டாரா?"

அவள் தலைமை நர்ஸைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"சிஸ்டர், நாளைக்கு வரைக்கும் எங்கப்பாவையும் பொம்மைன்னே நினைச்சுக்குங்களேன்."